தரவைக்கு ஒரு தவணை



சுற்றாடல் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். சுற்றாடல் என்றதும் மரம் நடுவதைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று மரத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டுப் புல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் தூரத்துப் புல் இல்லை. நெல்லியடி, கரவெட்டிப் பக்கங்களிலிருந்து பருத்தித்துறை வீதியால் யாழ்ப்பாணம் போகும்போது நீங்கள் கடக்கும் வல்லை வெளியின் புல்.

அந்த வெளியைக் கடக்கும்போது பேருந்தில் இருப்பவர்கள் பொதுவாக இரண்டு காரியம் செய்வார்கள். அங்கே கோயில் கொண்டிருக்கும் முனியப்பரை நினைத்துக் கும்பிடுவார்கள், இல்லையென்றால் கைபேசியைப் பார்ப்பார்கள். வீடு இல்லை, தோட்டம் இல்லை, பனையும் அருமை. ஆகவே அங்கே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒன்றுமில்லாத இடத்துக்கு என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. இரவில் லொறி வந்து குப்பையைக் கொட்டிவிட்டுப் போகும். ஆனி மாதம் ஐந்தாம் திகதி சுற்றாடல் தினத்தன்று பதாகையோடு மரக்கன்றுகள் வரும். குப்பையை எல்லோரும் கண்டிக்கிறோம். கன்றைக் கண்டிக்க எவருக்கும் மனம் வருவதில்லை. எனக்கு இரண்டிலுமே கவலை உண்டு.

முதலில் அந்த நிலம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. அடியில் சுண்ணக்கல். மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்றோடு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். தொண்டைமானாற்று நீரேரியின் ஓரத்தில் உள்ள, தரவை எனப்படும் தாழ்நிலங்களில் மேல்மண் முழுவதும் உவர். மாரி மழை அந்த உப்பைக் கழுவிக் கீழே தள்ளுகிறது. மண்ணின் மேற்பகுதி சில வாரங்களுக்கு நன்னீரில் ஊறி நிற்கிறது. அந்தச் சில வாரங்கள்தான் புல்லுக்குக் கிடைக்கும் காலம். முளைக்க வேண்டும், வேர்விட வேண்டும், தை மாசியில் கதிர் தள்ளி விதை உதிர்க்க வேண்டும். பிறகு கோடை. அதன் பின் சோளகக் காற்று அடித்து நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும்போது, அடியில் இருந்த உப்பு நீரோடு மேலே ஏறி வந்து வெள்ளையாகப் பூக்கிறது. புல் போர்த்திய நிலத்தில் ஆவியாதல் குறைவு, ஆகவே உப்பும் குறைவாகவே ஏறும். வெறும் நிலத்தில் உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். அடுத்த மாரிக்கு அங்கே அறுகு முளைக்காது, உமரிதான் முளைக்கும். ஈரத்தில் ஓர் உழவு இயந்திரம் ஏறி இறங்கிய தடம் போதும், அந்தத் தடத்தில் நீர் தேங்கி, காய்ந்து, உப்புக்கோடாகப் பல ஆண்டுகள் கிடக்கும்.

நீரேரி வாயில் 1950களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட தொண்டைமானாறு அணைக்கட்டு இந்தக் கணக்கில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. கடல்நீர் உள்ளே வராமல் தடுத்து, மாரிநீரை நிறுத்திவைத்து, உள்ளே உள்ள உவரை மெல்ல மெல்லக் கழுவுவது அதன் நோக்கம். கிணற்றுக்கும் வயலுக்கும் நன்மை என்று சொல்லிக் கட்டினார்கள். அணைக்கட்டின் கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது கரையோரத் தரவையின் விதியையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. நீர் அளவுக்கு மேல் நின்றால் தாழ்ந்த இடத்துப் புல் அழுகும். வேளைக்கு முன்னே வடிந்தால் உப்புக் கழுவப்படாது. கதவு திறக்கும் நாளைப் பற்றி மீனவர் பேசுவார்கள், வயல்காரர் பேசுவார்கள். மாட்டுக்காரரைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த வெளி சும்மா கிடந்த நிலமாக ஒரு காலத்திலும் இருக்கவில்லை. ஊரூராகக் கேணியும் அதனருகே ஆவுரஞ்சிக்கல்லும் சுமைதாங்கியும் கட்டி வைத்தவர்கள் நம் முன்னோர். மாடு தண்ணீர் குடித்துவிட்டு உடம்பை உரசிக்கொள்ள ஒரு கல் நாட்டுவதைத் தர்மம் என்று நினைத்த ஊர் இது. அந்தக் கல் நிற்கிற வழியே மாடு போன வழி. பகலில் தரவையில் மேய்ந்த பட்டி இரவில் புகையிலைத் தோட்டத்தில் அடைபட்டது. வடமராட்சித் தோட்டங்களின் பசளையில் ஒரு பங்கு இப்படி நான்கு காலில் நடந்து வந்தது. வீட்டில் ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த பெண்கள் உழவாரத்தோடு போய்ப் புல்லுச் செருக்கிக் கடகத்தில் கொண்டுவந்தார்கள். புல் இல்லாத மாதத்துக்குப் பூவரசங்குழை, வேலிக் கிளுவை, கீறிய பனையோலை, வைக்கல்.

பழைய ஏற்பாடு குறையே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. அதில் ஓர் இடக்கு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. புல் முளைக்கும் அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் வயலில் நெல் நிற்கிறது. நெல் நின்றால் மாட்டை வயற்பக்கம் விட முடியாது. ஆகவே முழு மாட்டையும் தரவைக்கு ஓட்டுகிறோம். புல்லுக்கு ஓய்வு வேண்டிய வேளையில் அதன் மேல் பாரம் கூடுகிறது. நெல் அறுத்த பிறகு தாளடியில் மேய மாடு திரும்பிவிடும், ஆனால் அதற்குள் தரவையில் இளம்புல்லின் தலை போய்விட்டிருக்கும். மாடுகள் குறைவாகவும் வெளி அகலமாகவும் இருந்த காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. வெளி சுருங்கச் சுருங்கத் தெரிகிறது.

சுருங்கியதற்குக் காரணம் பல. யூரியா வந்தது, பட்டி அடைப்பது குறைந்தது. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தது, எருது போனது. 1987 வைகாசியில் வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கையையும் அதன் பின்னான இடப்பெயர்வுகளையும் இங்கே இருப்பவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். வெளி என்றால் அஞ்சவேண்டிய இடம் என்ற நினைவு ஒரு தலைமுறைக்குப் படிந்துவிட்டது. போருக்குப் பிறகு மாடு வளர்ப்பு மீண்டது, கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கங்கள் மீண்டும் பால் சேர்க்கின்றன. ஆனால் தீவனம் என்றதும் கோயம்புத்தூரிலிருந்து வந்த சீஓ-3 புல்லைத்தான் நினைக்கிறோம். நல்ல புல்தான், ஆளுயரம் வளரும். இறைத்தால்தான் வளரும். நம் கிணற்றுத் தண்ணீரின் நிலை தெரிந்தவர்களுக்கு இதன் விலை புரியும். தண்ணீர் கட்டுபடியாகாதவர் மாட்டை அவிழ்த்துவிடுகிறார். தரவையில் புல் இல்லை, மாடு வீதிக்கு வருகிறது. பிரதேச சபை கட்டாக்காலி என்று பிடித்து அடைத்துத் தண்டம் அறவிடுகிறது. சந்தியில் படுத்திருக்கும் மாட்டின் கதை வல்லை வெளியில் தொடங்குகிறது.

இனி மரத்துக்கு வருகிறேன். வெட்டவெளியைக் கண்டால் மரம் நட வேண்டும் என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதில்லை. 2019இல் உலகம் முழுவதும் எவ்வளவு நிலத்தில் மரம் வளர்க்கலாம் என்று கணக்கிட்டு ஓர் ஆய்வு வந்தபோது, நூற்றாண்டுகளாகப் புல்வெளியாக இருந்த நிலங்களையும் வெற்றிடமாக எண்ணிவிட்டீர்கள் என்று புல்வெளி அறிஞர்கள் உடனே மறுத்து எழுதினார்கள். அந்த வாதம் ஆய்விதழ்ப் பக்கங்களில் நடந்தது. அதே வாதம் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் நிலத்திலேயே நடந்து முடிந்திருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதுவும் உவர் நிலம், அதுவும் கடல் பின்வாங்கிய தாழ்நிலம், அங்கேயும் மழை சில வாரங்களே.

பன்னி என்பது அதன் பெயர். சுமார் 2,500 சதுர கிலோமீற்றர், அதாவது நமது குடாநாட்டை உள்ளே போட்டு இன்னும் இடம் மிஞ்சும் அளவு. மால்தாரிகள் எனப்படும் மேய்ப்பர் சமூகங்கள், பெரும்பாலும் இஸ்லாமியர், தலைமுறை தலைமுறையாக அங்கே மாடும் எருமையும் மேய்த்தார்கள். வடக்கேயுள்ள ரண் உப்புப் பாலை புல்வெளிக்குள் ஏறி வருகிறது என்று அஞ்சிய வனத்துறை, 1961இல் தொடங்கி 30,000 ஹெக்டேயருக்கு மேல் சீமைக்கருவேலை நட்டது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. இதே காலத்தில் பன்னிக்கு நீர் கொண்டுவந்த சிற்றாறுகளுக்குக் குறுக்கே அணைகள் எழுந்தன. உப்பைக் கழுவிய வெள்ளம் குறைந்தது, நிலம் மேலும் உவரானது, உவரைத் தாங்கும் கருவேலுக்கு அதுவே வசதியாயிற்று. இன்று புல்வெளியில் பாதிக்கு மேல் முள்காடு. காயைத் தின்ற பசுக்களுக்குச் செமிபாடு கெட்டது. மேய்ப்பர்கள் பசுவைக் குறைத்து எருமைக்கு மாறினார்கள். அந்த எருமை கோடையில் இரவில் மேய்ந்து பகலில் ஊர் திரும்பும் இனம். 2010இல் பன்னி எருமை என்று தனி இனமாக அங்கீகாரமும் பெற்றது.

மக்களின் பங்களிப்பு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் காரியம் எவ்வளவு சிக்கலானது என்பதும் பன்னியில் தெரியும். 2004இல் கரி சுட அனுமதி கிடைத்தது. கருவேலை வெட்டிக் கரியாக்கினால் காடும் குறையும், காசும் வரும் என்ற எதிர்பார்ப்பு. வெட்டினார்கள். வெட்டிய அடிமரம் இரட்டிப்பாகத் துளிர்த்தது. கருவேலோடு நாட்டு மரங்களும் சேர்ந்து போயின. 2008இல் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் கரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உருவாகிவிட்டன. மாடில்லாத ஏழைக்குக் கருவேல் சோறு போட்டது, மாடுள்ளவருக்கு அதுவே சோற்றைப் பறித்தது. ஊர் என்றால் ஒரே மனம் என்று எண்ணித் திட்டம் போடுபவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

அதே 2008 அளவில் மேய்ப்பர்கள் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். வனத்துறை பன்னியைத் துண்டு துண்டாக வேலியிட்டு மீட்கத் திட்டம் வகுத்தபோது, வேலி போட்டால் எருமை எங்கே போகும் என்று கேட்டது அந்தச் சங்கம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் முழுப் பன்னியும் பொது மேய்ச்சல் நிலம், அதைத் துண்டுபோடக் கூடாது என்று உரிமை கோரியது. இதற்கிடையில் வெளியாரும் உள்ளூர்க்காரரும் சேர்ந்தே நிலத்தை அடைத்துப் பயிர் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2021 மே மாதத்தில், ஆக்கிரமிப்புகளை ஆறு மாதத்துக்குள் அகற்ற வேண்டும், மேய்ப்பர்களின் உரிமை தொடரும் என்று தீர்ப்பாயம் சொன்னது. கருவேலை வேரோடு பெயர்த்த இடங்களில், விதை தூவாமலே, மழை பெய்ததும் பல இடங்களில் புல் திரும்பியிருக்கிறது. கிளை தறித்த இடங்களில் அப்படி நடக்கவில்லை. மண்ணுக்குள் விதை காத்திருக்கும் வரை இது சாத்தியம். எத்தனை ஆண்டு காத்திருக்கும் என்பது புல்லுக்குப் புல் வேறுபடும்.

விதை காத்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஐக்கிய அமெரிக்காவில் பார்க்கலாம். நடுமேற்கு மாநிலங்களின் உயர்புல் வெளியை 1837இல் ஜோன் டீர் செய்த உருக்குக் கலப்பை கிழிக்கத் தொடங்கியது. நூறாண்டுக்குள் பெரும்பகுதி சோளக்காடாயிற்று. இன்று எஞ்சியிருப்பது 4 சதவீதம்கூட இல்லை. விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் மடிசன் நகரில் 1935இல் ஒரு பழைய பண்ணை நிலத்தில் அந்தப் புல்வெளியை மறுபடி உண்டாக்க முனைந்தது. அல்டோ லியோபோல்ட் போன்ற அறிஞர்களின் யோசனை, பொருளாதார மந்தத்தில் வேலையற்றிருந்த இளைஞர்களின் உழைப்பு. விதையும் புற்கரணையும் எங்கே கிடைத்தன என்றால், கலப்பை தொடாத மிச்சத் துண்டுகளில். அந்த நாட்டில் ரயில் பாதை ஓரங்களும் பழைய கல்லறைத் தோட்டங்களும் அப்படித்தான் விதைக் களஞ்சியங்களாக மிஞ்சின. நட்டால் போதும் என்று நினைத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த புல் நாட்டுப்புல்லை நெருக்கியது. ஜோன் கேர்ட்டிஸ் என்ற தாவரவியலாளர் 1940களில் துண்டு துண்டாகத் தீயிட்டுப் பார்த்த பிறகே, அந்தப் புல்வெளிக்குத் தீயும் ஒரு தேவை என்று விளங்கியது. அமெரிக்கப் பழங்குடியினர் அதை முன்பே அறிந்து கொளுத்தி வந்தவர்கள். அவர்களை அகற்றிய பிறகுதான் ஆய்வு தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறு ஆண்டு ஆகிறது, இன்னமும் களை பிடுங்குகிறார்கள்.

நமக்குத் தீ வேண்டாம். நமது வெளிக்குத் தேவையானது ஓய்வு. தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியில் காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கம் கொறங்காடு என்று ஒன்று உண்டு. மானாவாரி மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப்புல் தரையில், வெள்வேல் மேலே, சுற்றிவரக் கிளுவை வேலி. காங்கேயம் மாடு வளர்ந்தது அந்தப் புல்லில். நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றதை ஆறவிடுவார்கள். யாரும் சட்டம் போடவில்லை. நிலம் தனியாருடையது, ஆகவே ஓய்வு கொடுப்பது அவரவர் வசதி. மூணாற்றுப் பக்கத்தில், தமிழ் பேசும் மலைக்கிராமங்கள் உள்ள வட்டவடைக்கு அருகே பழத்தோட்டம் என்ற இடத்தில் நடந்தது வேறு வகை. கிராந்திஸ், வாட்டில் என்ற மரங்களை நட்டிருந்த மலை, காட்டுத்தீயில் வெந்தது. மறுபடி அதே மரத்தை நடாமல், கேரள வனத்துறையும் கிராமக் குழுவும் சேர்ந்து நாட்டுப்புல்லை நாற்று விட்டு நட்டு மலைப்புல்வெளியாக மீட்டார்கள். வற்றியிருந்த ஓடைகளில் நீர் வந்தது.

இரண்டும் நல்ல கதைகள். ஆனால் வல்லை வெளி தனியார் கொறங்காடும் இல்லை, வனத்துறையின் மலையும் இல்லை. பலருக்குப் பொதுவான நிலம். பொது மேய்ச்சல் நிலம் கட்டாயம் அழியும் என்று 1968இல் காரெட் ஹார்டின் என்ற அறிஞர் எழுதினார். ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டை விடுவார், எல்லோருமாகச் சேர்ந்து கெடுப்பார்கள் என்பது அவர் வாதம். எலினோர் ஒஸ்ட்ரொம் என்ற அறிஞர் ஊர் ஊராகச் சான்று திரட்டி அதை மறுத்தார். 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று சுவிற்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமம். 1517இல் அங்கே எழுதிய விதி இது: பனிக்காலத்தில் தன் சொந்தத் தீவனத்தால் எத்தனை மாட்டை வளர்க்க முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொதுமலைக்கு விடலாம். இந்த விதியை எந்த அரசும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கொழும்பிலிருந்து வரும் எந்தச் சுற்றறிக்கையும் நமக்கு இப்படி ஒன்றை எழுதித் தரப்போவதுமில்லை. 2023 செப்டெம்பரில் மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்ததைப் பார்த்தோம். உரிமை தெளிவாக எழுதப்படாத மேய்ச்சல் தரை, பலம் உள்ளவர் கைக்குப் போகும். ஐக்கிய நாடுகள் 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டு என்று அறிவித்திருக்கிறது. அதன் பெயரால் இங்கே ஒரு பதாகை கட்டப்படும் முன், ஒரு விதியையாவது எழுதிவிடலாம் என்பது என் ஆசை.

என் யோசனை சிறியது. வல்லை வெளியில் கரையோரத்துக்குச் சற்று மேலே, உப்புப் பூத்தாலும் இன்னமும் புல் முளைக்கும் இடத்தில், 50 பரப்பு, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேல், ஒரு துண்டு. ஐப்பசி முதல் மாசி வரை அதற்குள் மாடும் ஆடும் வாகனமும் போகாது. மறு ஆண்டு அந்தத் துண்டு திறக்கும், பக்கத்துத் துண்டு மூடும். வேலி வேண்டாம். யாழ்ப்பாணத்தில் வேலி போட்டால் மறுநாள் வழக்கு வரும், அதற்கடுத்த நாள் உறுதி எழுதிக்கொண்டு யாராவது வருவார்கள். நான்கு மூலையிலும் கல் போதும். அதற்குள் எதுவும் நடவும் வேண்டாம், முதல் இரண்டு மாரி வரை என்ன முளைக்கிறது என்று பார்ப்போம். ஒன்றும் முளைக்காவிட்டால்தான் விதை தேட வேண்டும். அப்போதும் விதைக் கடைக்குப் போகாமல் கோயில் வெளிவீதி, குளக்கரை, மயான ஓரம் என்று போக வேண்டும்.

மாசி முடிந்து விதை உதிர்ந்த பிறகு துண்டுக்குள் அரிவாள் போகலாம், உழவாரம் போகக் கூடாது. உழவாரம் புல்லின் கணுவையும் சேர்த்து எடுத்துவிடும். அரிந்த புல்லில் முதல் பங்கு, அந்த மாரியில் மாட்டை வேறு பக்கம் கொண்டுபோனவர்களுக்கு. மூடிய மாதங்களுக்குத் தீவனம் வேண்டும். வன்னி வயல்களில் அறுவடைக்குப் பிறகு வீணாகும் வைக்கலை முந்தைய பங்குனியிலேயே வாங்கிச் சேர்த்து வைப்பது ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு முடியாத வேலையில்லை. கட்டைவேலி, நெல்லியடிப் பகுதிக்குக் கூட்டுறவை நான் வந்து விளக்க வேண்டியதில்லை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் மரச்சட்டம் செய்து, மூடிய துண்டிலும் திறந்த துண்டிலும் வைத்து, அதற்குள் உள்ள புல்லை அரிந்து உலர்த்தி நிறுக்க வேண்டும். அதே இடத்து மண்ணின் உவரை மின்கடத்துதிறன் மானியால் மாரிக்குப் பின்னும் சோளகத்துக்குப் பின்னும் அளக்க வேண்டும். ஐந்து ஆண்டு இப்படி எழுதினால், எந்தப் பெரிய அதிகாரியோடும் பேசுவதற்கு நம் கையில் கணக்கு இருக்கும். அணைக்கட்டுக் கதவு பற்றிய கூட்டத்திலும் ஒரு நாற்காலி கேட்கலாம்.

ஆட்டுக்காரரை மறந்துவிட வேண்டாம். மாடுள்ளவர் சங்கத்தில் இருப்பார், கையெழுத்துப் போடுவார். இரண்டு ஆடு வைத்திருக்கும் விதவைப் பெண் எந்தச் சங்கத்திலும் இருக்கமாட்டார். அவருடைய ஆடுதான் முதல் வாரத்திலேயே கல்லைத் தாண்டும். அவரைத் தண்டிக்கிற விதியாக நம் விதி தொடங்கினால் இரண்டாம் ஆண்டு வராது. பன்னியின் கரிக்காரர்கள் மாதிரி, வெளியில் பிழைப்பு உள்ள எல்லோரையும் முதலில் எண்ணிக்கொள்ள வேண்டும்: மேய்ப்பவர், புல்லுச் செருக்குபவர், நீரேரியில் இறால் பிடிக்கப் போகும்போது வெளிக்குக் குறுக்கே நடப்பவர், பட்டி எருவை வாங்கும் தோட்டக்காரர்.

இவர்களையெல்லாம் சேர்த்து விதி எழுதும் கூட்டத்தை யார் அழைப்பது என்று கேட்பீர்கள். பிரதேச சபையும் கால்நடை வைத்தியரும் கமநல சேவை நிலையமும் இருக்கட்டும், தலைமை மாட்டுக்காரர் ஒருவரிடம் இருக்கட்டும். இன்னுமொன்று. தயவுசெய்து காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரம் மாடு வெளியில் நிற்கும், மாட்டுக்காரர்களும் அங்கேதான் நிற்பார்கள். பட்டி அடைத்த பிறகு, இரவு ஏழு மணிக்கு, வீட்டுக்கு அருகே ஒரு வாசிகசாலையில் வையுங்கள்.